சூப்பர்சார்ஜருக்குக் குளிர்ந்த காற்று: ஃபில்டரை நகர்த்துவதற்கு முன்

மலேசியாவின் கிள்ளானிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது 2001ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர் எஞ்சின். முன்பு வைத்திருந்தவர் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் ப்ளோயர்) கிட் போட்டு, ஏர்பாக்ஸைக் கழற்றிவிட்டு அதே மூலையில் ஒரு கூம்பு ஃபில்டரை மாட்டியிருக்கிறார். அமுங்கிச் சூடான காற்றை ஆற்றும் இன்டர்கூலர் கிடையாது. பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம், 6 பிஎஸ்ஐ. "காலையில் நன்றாக இழுக்கிறது. மாலையில் ஜாமில் நின்றுவிட்டுக் கிளம்பினால் சோர்ந்து போகிறது, மேட்டில் அழுத்தினால் டிக் டிக் என்று நாக்கிங் கேட்கிறது. ஃபில்டரை முன் பம்பருக்குள் இறக்கிவிட்டால் சரியாகுமா? எந்தக் குழாய் போடலாம்?" என்பது கேள்வி.

முதலில் நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது. அந்தச் சத்தம் நிற்கும்வரை முழு பூஸ்டில் அழுத்தாதீர்கள். அதிக ஆக்டேன் உள்ள ரான்97 பெட்ரோலுக்கு மாறுங்கள், இக்னிஷன் டைமிங்கை (ஸ்பார்க் விழும் நேரத்தை) இரண்டு மூன்று டிகிரி பின்னுக்குத் தள்ளச் சொல்லுங்கள். ஃபில்டர் வேலை அதற்கு அப்புறம்.

சரி, ஃபில்டரை நகர்த்தினால் பலன் உண்டா? உண்டு. உங்கள் காரில் மற்ற பல கார்களைவிட அதிகமாகவே உண்டு. இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் இடது பக்கம், ஏர்பாக்ஸின் இடமும் இடது முன் மூலை. அங்கே மறைப்பில்லாமல் ஒரு கூம்பை மாட்டினால் அது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் பக்கத்தில் உட்கார்ந்து, ரேடியேட்டர் விசிறி தள்ளிவிடும் சூட்டைத்தான் குடிக்கும். ஜாமில் நிற்கும்போது அந்த மூலையில் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம்.

அந்தச் சூடு ப்ளோயருக்குள் போனதும் இன்னும் பெருகுகிறது. எம்45 போன்ற ரூட்ஸ் வகை ப்ளோயர் காற்றை அமுக்குவதில் அவ்வளவு திறமைசாலி இல்லை. செயல்திறன் 55 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். 33 டிகிரி காற்று உள்ளே போனால் 6 பிஎஸ்ஐ பூஸ்டில் சுமார் 90 டிகிரியாக வெளியே வரும். 63 டிகிரி காற்று போனால் ஏறக்குறைய 126. உள்ளே 30 டிகிரி வித்தியாசம், வெளியே 36. இன்டர்கூலர் இருந்தால் இதில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். உங்களிடம் அது இல்லாததால் 126 டிகிரி காற்று அப்படியே சிலிண்டருக்குள் போகிறது. நாக்கிங் வராமல் என்ன செய்யும்?

இன்னொரு இழப்பும் இருக்கிறது. இந்த வகை ப்ளோயர் ஒரு சுற்றுக்கு இவ்வளவு கொள்ளளவு என்று அள்ளிப் போடும். அள்ளும் காற்று மெலிந்திருந்தால் கிடைப்பதும் குறைவு. 33க்குப் பதில் 63 டிகிரி என்றால் எடையில் 9 சதவீதம் போய்விட்டது. மோட்டாக, 10 டிகிரிக்கு 3 சதவீதம். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், குழாய் வாங்கும்போது உதவும்.

ஆனால் எதையும் வெட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள். வெப்பநிலை அளக்கும் கே-டைப் ப்ரோப் போட முடிகிற மல்டிமீட்டர் ஒன்று போதும். ப்ரோபின் நுனியை ஃபில்டரின் வாய்க்கு ஒரு விரல் தள்ளி, எந்த இரும்பிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி கேபிள் டையால் கட்டுங்கள். வயரை பானட் ஓரமாக வெளியே எடுத்து, கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே கொண்டுவந்துவிடலாம். காரின் சொந்த இன்டேக் சென்ஸாரை நம்ப வேண்டாம் என்பேன். நின்ற காரில் அது குழாயோடு சேர்ந்து தானும் சூடேறி, காற்றின் சூட்டைக் கூட்டிக் காட்டும். பத்து நிமிடம் ஐடிலில் விட்டு ஒரு அளவு. பிறகு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, எத்தனை நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். என் காரில் ஒருமுறை இப்படிப் பார்த்தபோது நின்ற இடத்தில் 61, வெளியே 33. எண்பதில் மூன்று நிமிடம் ஓடியதும் 39க்கு வந்துவிட்டது. அதாவது ஓடும் காரில் பிரச்சினையின் பெரும்பகுதி தானாகவே தீர்ந்துவிடுகிறது. ஃபில்டரை நகர்த்துவது பெரும்பாலும் ஜாமுக்காகத்தான். நின்ற காரில் ப்ளோயரின் உடம்பே சூடேறிப் போயிருக்கும், அதைக் குளிர்ந்த காற்று உடனே ஆற்றாது. கிளம்பிய முதல் ஒரு நிமிடம் ஃபில்டரை எங்கே வைத்தாலும் கொஞ்சம் சோர்வாகத்தான் இருக்கும்.

இப்போது இடம். பம்பருக்குள் இறக்குவதை நான் பரிந்துரைக்கவில்லை. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் ஏறியது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவ்வளவு வெள்ளம் தேவையே இல்லை; கிள்ளான் பக்கம் ஒரு மாலை மழையில் சாலையோரம் தேங்கும் முழங்கால் தண்ணீர் போதும். ஃபில்டர் முழுகினால் எஞ்சின் தண்ணீரை இழுக்கும், தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஃபில்டருக்கு மேல் போடும் துணி உறை தெறிப்பைத் தடுக்கும், முழுகுவதைத் தடுக்காது. நானே ஒருமுறை கீழே மாட்டிவிட்டு, லாரி வாரி இறைத்த தண்ணீரில் நனைந்து, ஃபில்டர் ஊறி எஞ்சின் திணறி, நெடுஞ்சாலையோரம் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். ராட் தப்பியது அதிர்ஷ்டம்.

முன் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் கௌல் பகுதியிலிருந்து காற்று எடுப்பவர்களும் உண்டு. வண்டி ஓடும்போது அங்கே காற்றழுத்தம் நன்றாகவே இருக்கும். ஆனால் மழைத் தண்ணீர் வடிகிற வழியும் அதுதான். ரேஸ் டிராக் காருக்கு நல்லது, தினமும் வேலைக்குப் போகும் காருக்கு என் ஓட்டு இல்லை.

நான் செய்யச் சொல்வது பழைய மூலையையே மூடுவது. இந்தக் காரில் பேட்டரி டிக்கியில் இருப்பதால் எஞ்சின் அறையில் கை வைக்க இடம் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை வளைத்து, ஃபில்டரைச் சுற்றி எக்ஸாஸ்ட் பக்கமும் விசிறிப் பக்கமும் சுவர் எழுப்புங்கள். மேல் விளிம்பு முழுவதும் ரப்பர் பீடிங். பானட்டை மூடினால் அது அழுந்த வேண்டும். பீடிங்கில் கொஞ்சம் பவுடர் தடவி மூடித் திறந்தால், பானட்டின் அடியில் எங்கே கோடு விழவில்லை என்று தெரியும். அங்கேதான் சூடு நுழையும். அப்புறம் ரேடியேட்டருக்கு முன்னால், பம்பர் வாயின் மேல் ஓரத்திலிருந்து 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள, வளையும் குழாய் ஒன்றை அந்தப் பெட்டிக்குள் கொண்டுவாருங்கள். குழாயின் முனை ஃபில்டரில் ஒட்டாமல் பெட்டிக்குள் திறந்தே இருக்கட்டும், பெட்டியின் அடியில் இரண்டு வடிகால் துளை இருக்கட்டும். மழை உள்ளே வந்தாலும் கீழே வடிந்துவிடும், ஃபில்டர் உயரத்திலேயே இருக்கும். காரின் அடியில் பிளாஸ்டிக் தட்டு இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். இவ்வளவு வயதான கார்களில் அது பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். இல்லாவிட்டால் ரேடியேட்டருக்குப் பின்னால் போன சூடு அடிவழியாகச் சுற்றி மறுபடி முன்னால் வரும்.

குழாய் வளைந்து நெளிந்து நீண்டால் குளிர்ச்சியில் பெற்றதை இழுப்பில் இழப்பீர்கள். இதை அளக்க, எஞ்சினிலிருந்து உங்கள் இருக்கைவரை எட்டும் நீளத்தில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஹோஸ் போதும். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும். ஒரு பகுதியை யூ வடிவில் அட்டையில் ஒட்டி, யூவின் பாதி உயரம்வரை ரோஸ் சிரப் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் (காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) நடுவில் உள்ள குழாயில் செருகுங்கள், மறுமுனை திறந்திருக்கட்டும். த்ராட்டிலுக்குப் பின்னால் மட்டும் செருகிவிடாதீர்கள், சிரப் முழுவதையும் எஞ்சின் குடித்துவிடும். நண்பர் ஒருவர் முழு த்ராட்டிலில் ஓட்ட, நீங்கள் இரண்டு பக்க மட்டத்தின் வித்தியாசத்தைப் பாருங்கள். ஏறக்குறைய 33 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் 3 சதவீதக் காற்று போகிறது என்று அர்த்தம், அதாவது 10 டிகிரி குளிர்ச்சியின் பலன் மொத்தமும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பாருங்கள். ஐந்தாறு சென்டிமீட்டர் கூடினால் கவலையில்லை.

உலோகமா பிளாஸ்டிக்கா என்ற சண்டையில் நேரத்தை வீணாக்க வேண்டாம். முழு த்ராட்டிலில் 70 மில்லிமீட்டர் குழாயில் காற்று விநாடிக்கு 25 மீட்டருக்கு மேல் பறக்கிறது. ஒரு மீட்டர் நீளத்தை ஒரு விநாடியின் இருபத்தைந்தில் ஒரு பங்கில் கடந்துவிடும். அதற்குள் எவ்வளவு சூடேறும்?

கவனிக்க வேண்டியது, உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்ஸார். அதன் அசல் கூட்டை மாற்றாதீர்கள். உள்விட்டம் பெரிதானால் எஞ்சின் கணினியான ஈசியூவின் கணக்கு தப்பி, பூஸ்டில் பெட்ரோல் குறைந்துபோகும். சென்ஸாருக்கு முன்னால் ஒரு சாண் நேர்க்குழாயாவது இருக்கட்டும். எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர் வேண்டாம். எண்ணெய் சென்ஸார் கம்பியில் படியும். வால்வ் கவரிலிருந்து வரும் ப்ரீதர் ஹோஸை, முன்பு இருந்ததுபோலவே சென்ஸாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் திரும்ப மாட்டுங்கள். பலர் அதைத் தனிச் சின்ன ஃபில்டரில் விட்டுவிட்டு, பழைய ஓட்டையை மூட மறந்துவிடுகிறார்கள்.

எல்லாம் முடிந்ததும் அதே நேரம், அதே சாலை, அதே ப்ரோப். ஜாமில் வெளியைவிட 10 டிகிரிக்குள் நின்றால் வேலை சுத்தம். அப்படி நின்றும் மேட்டில் டிக் டிக் என்றால், டைமிங்கை இன்னும் பின்னுக்கு வையுங்கள், இன்டர்கூலருக்குப் பணம் சேர்க்கத் தொடங்குங்கள்.