லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கும் கருவி) பெட்டியில் போட்டிருக்கும் 1800 கஜம், 2000 கஜம் எல்லாம் வேட்டையில் உண்மையாகவே கிடைக்குமா? நெடுந்தூரச் சுடுதலுக்கு நம்பலாமா?

கிடைக்காது. மானைக் குறிவைக்கும்போது அதில் பாதி கிடைத்தாலே நல்ல கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது, சாலைப் பலகை மாதிரி ஒளியை அப்படியே திருப்பி அனுப்பும் பொருளுக்கான தூரம். வோர்டெக்ஸ் நிறுவனத்தின் ரேஞ்சர் 1800 கருவியின் பெயரிலேயே 1800 இருக்கிறது. அதன் விவரப் பட்டியலில் மானுக்கு 900 கஜம் என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். அந்த 900கூட, மாலை வெளிச்சமும் கை ஊன்ற ஓர் இடமும் இருந்தால்தான் என்பேன். (கஜத்திலேயே சொல்கிறேன். நான் இருக்கும் கொலராடோவில் எல்லாம் கஜக் கணக்குதான்.)

இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை 905 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைத் துடிப்பாக அனுப்பி, அது திரும்பிவர ஆகும் நேரத்தை அளக்கின்றன. 900 கஜம் போய்த் திரும்ப ஐந்தரை மைக்ரோ நொடி. நேரத்தை அளப்பதில் சிக்கல் இல்லை, மலிவான கருவிகூட அதைச் சரியாகச் செய்துவிடும். திரும்பி வரும் ஒளி சொற்பமாக இருப்பதுதான் சிக்கல். வெயிலிலும் அதே அகச்சிவப்பு இருப்பதால், நடுப்பகலில், அதுவும் பனி மூடிய தரையில், அந்தச் சொற்ப ஒளியைப் பிரித்தறிவது கடினம். அந்தி நேரத்தில் அதே கருவி வேறு கருவி போல வேலை செய்யும். மூடுபனி இருந்தால் பையிலேயே வைத்துவிடுங்கள். முன்னால் இருக்கும் பனியையே அளந்து முப்பது, நாற்பது கஜம் என்று காட்டும்.

எண் வராவிட்டால் சுடாமல் விட்டுவிடலாம். தவறான எண் வந்தால்தான் ஆபத்து. லேசர் என்றதும் நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு என்று நினைக்கிறோம், ஆனால் கதிர் போகப் போக விரியும். 2 மில்லிரேடியன், அதாவது ஆயிரம் கஜத்துக்கு 2 கஜம், விரியும் கதிருக்கு 600 கஜத்தில் அகலம் 43 அங்குலம். மியூல் மானின் உடம்பு முதுகிலிருந்து நெஞ்சின் அடிவரை சுமார் ஒன்றரை அடிதான். மீதி ஒளி முன்னால் உள்ள புல்லிலோ பின்னால் உள்ள சரிவிலோ பட்டுத் திரும்பும். கிழக்குக் கொலராடோ சமவெளியில் பிராங்ஹார்ன் என்ற மான் போன்ற மிருகத்துக்காகத் தரையோடு தரையாகப் படுத்திருக்கும்போது இது சர்வசாதாரணம். மிருகம் 450 கஜத்தில் நிற்கும், திரை 310 என்று அடித்துச் சொல்லும். இடையில் கண்ணுக்கே தெரியாத சின்ன மேடு ஒன்று இருக்கும். அதனால் ஒரு தடவை அளந்ததை நம்பாதீர்கள். மிருகத்தின் பக்கத்தில் உள்ள பாறை, பின்னால் உள்ள புதர் என்று நாலைந்து இடங்களை அளந்து எண்கள் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். கதிர் படுபவற்றில் கடைசியாக, தொலைவில் உள்ளதைக் காட்டும் ‘லாஸ்ட்’ மோட் இருந்தால் அதில் வையுங்கள். கோல்ஃப் கருவிகள் எதிரில் முதலில் படுவதையே சொல்லும்படி செய்யப்பட்டவை. கொடிக்கம்பத்துக்கு அது சரி, சேஜ் புதர்க் காட்டுக்குச் சரிவராது.

பலர் சோதித்தே பார்க்காத ஒன்றும் உண்டு. உள்ளே தெரியும் குறிவட்டமும் லேசர் போய் விழும் இடமும் சில கருவிகளில் ஒன்றாக இருக்காது. வானம் மட்டுமே பின்னணியாக உள்ள ஒரு கம்பத்தைத் தேர்ந்து, விடாமல் அளந்துகொண்டே இருக்கும் ஸ்கேன் மோடில் வட்டத்தைப் பக்கவாட்டில் அதன்மேல் மெல்ல நகர்த்துங்கள். அப்புறம் கம்ப உச்சியில் மேலும் கீழுமாக நகர்த்துங்கள். எண் எங்கே தோன்றி எங்கே மறைகிறது என்று பார்த்தால், உங்கள் கதிர் உண்மையில் எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம் என்பது தெரிந்துவிடும். புதுக் கருவி வாங்கினால் முதல் வேலை இதுதான்.

சரி, இவ்வளவு துல்லியம் எப்போது தேவை? .308 அளவுத் தோட்டா போடும் ரைஃபிளை, 200 கஜத்தில் குறி நேராகப் படும்படி சீரமைத்திருந்தால், 250 கஜம்வரை கருவியே வேண்டாம், நேராகக் குறிவைத்தால் போதும். 300 கஜத்தில் தூரம் 10 கஜம் பிசகினால் தோட்டா ஓர் அங்குலம் அளவுக்குத்தான் மாறும். 1000 கஜத்தில் அதே 10 கஜப் பிசகு அதைப்போல் பல மடங்கு. இரும்புத் தகட்டைச் சுடுபவர்களுக்கு அங்கேதான் கருவியின் மதிப்பு தெரியும். பின்னால் உள்ள மண்மேட்டை அளந்துவிட்டுத் தகட்டை அளந்ததாக நினைப்பதும் அங்கேதான் நடக்கும்.

என் கணக்கில் இதனால் மிக அதிகம் பயன்பெறுபவர் வில் வேட்டைக்காரர். அம்பு அவ்வளவு மெதுவாகப் போவதால், 40 கஜத்தில் 5 கஜம் தவறாகக் கணித்தாலே நாலைந்து அங்குலம் மேலோ கீழோ போய்விடும். மரத்தில் ஏறி உட்கார்ந்தோ மலைச்சரிவிலோ எய்தால் கோணக் கணக்கும் சேரும். ரைஃபிளுக்கும் அப்படித்தான்: 30 பாகைச் சரிவில் 400 கஜம் என்றால் கிடைமட்டத் தூரமான 346 கஜத்துக்குத்தான் குறிவைக்க வேண்டும். இப்போதைய கருவிகள் பல இதைத் தாமே கணக்கிட்டுக் காட்டுகின்றன. கூடுதல் காசு கொடுப்பதாக இருந்தால் இதற்கும் கதிரின் குறுகலுக்கும் கொடுங்கள், பெட்டியில் உள்ள பெரிய எண்ணுக்கு வேண்டாம்.

காற்றை இது சொல்லாது. 500 கஜத்தில் மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று .308 தோட்டாவை இருபது அங்குலத்துக்கு மேல் தள்ளும். 600 கஜம் போக முக்கால் நொடிக்கு மேல் ஆகிறது, அதற்குள் மான் ஓரடி எடுத்து வைத்துவிடும். தியடோர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் கிளப் என்ற வேட்டைக்காரர் சங்கம், மிகத் தொலைவிலிருந்து மிருகங்களைச் சுடுவது முறையான வேட்டை ஆகாது என்கிறது. எனக்கும் அதே கருத்துதான். தகட்டுக்கு 1000 கஜம்வரை போவேன், உயிருள்ளதற்கு 400 கஜத்தோடு சரி.

அப்புறம், பேட்டரி. பல கருவிகளில் சிஆர்2தான் இருக்கும். குளிரில் அது சீக்கிரம் சோர்ந்துவிடும். கூடுதலாக ஒன்றைச் சட்டை உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள்.