அமெரிக்காவில் ஏழைகளின் வீட்டு வாடகையை அரசே கட்டிவிடுமாமே, உண்மையா? நம் ஆட்களுக்கும் கிடைக்குமா?

கட்டுகிறது. ஆனால் முழுதாக இல்லை, எல்லோருக்கும் இல்லை, கேட்டவுடனும் இல்லை.

நீங்கள் கேட்பது 'செக்ஷன் 8' வவுச்சரைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்; வருமானம் குறைந்த குடும்பத்தின் வாடகையில் ஒரு பங்கை அரசு கட்டும் என்பதற்கான உறுதிச் சீட்டு அது. நியூ ஜெர்சியில் எங்களுக்கு ஒரு பழைய வீடு இருக்கிறது. மேலே ஒரு குடித்தனம், கீழே ஒரு குடித்தனம். நாங்கள் இருப்பது வேறு ஊரில். 2019-இல் மேல்வீட்டை வவுச்சர் வைத்திருந்த ஒரு பெண்மணிக்கு வாடகைக்கு விட்டேன். முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளர் வேலை, பள்ளி போகும் இரண்டு குழந்தைகள். எனவே நான் சொல்வதெல்லாம் வீட்டுக்காரன் பக்கத்துக் கதை.

முதலில் கணக்கு. குடும்பத்தின் வருட வருமானத்தில் சில கழிவுகள் போக, மிச்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து, அதில் 30 சதவீதத்தைக் குடித்தனக்காரர் கட்ட வேண்டும். மீதியை உள்ளூர் வீட்டுவசதி அலுவலகம் கட்டும். உதாரணத்துக்கு ஒருவர் வருடத்துக்கு 24,000 டாலர் சம்பாதிக்கிறார், இரண்டு குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். 2019-இல் இருந்த விதிப்படி குழந்தைக்கு 480 டாலர் வீதம் 960 கழித்தால் 23,040. மாதத்துக்கு 1,920. அதில் 30 சதவீதம் 576. வாடகை 1,600 என்றால் அலுவலகம் தருவது 1,024. மின்சாரம், கேஸ் பில்லைக் குடித்தனக்காரரே கட்டுவதாக இருந்தால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. அதற்குள் போனால் தலை சுற்றும்.

அந்த 1,024 டாலர் குடித்தனக்காரர் கைக்கே வராது. அலுவலகமும் வீட்டுக்காரரும் தனியாக ஓர் ஒப்பந்தம் போடுகிறார்கள். பணம் மாதா மாதம் நேராக வீட்டுக்காரர் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். நினைத்த வாடகையைக் கேட்கவும் முடியாது. அந்தப் பகுதியின் வாடகை நிலவரத்தை வைத்து வருடா வருடம் மத்திய வீட்டுவசதித் துறை ஒரு தொகையை அறிவிக்கும். பொதுவாக அதில் 90 முதல் 110 சதவீதத்துக்குள் உள்ளூர் அலுவலகம் தன் உச்ச அளவை வைத்துக்கொள்ளும்.

பெயர்க் காரணம் சாதாரணமானது. 1937-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் எட்டாவது பிரிவாக 1974-இல் சேர்த்தார்கள். இப்போதைய வவுச்சர் வடிவம் 1998-இல் வந்த சட்டத்தால் அமைந்தது. பணம் வாஷிங்டனிலிருந்து வருகிறது. நடத்துவது நாடெங்கும் உள்ள இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் அலுவலகங்கள். சுமார் 23 லட்சம் குடும்பங்கள் இதில் இருக்கின்றன.

பெரிய எண்ணாகத் தெரிகிறதல்லவா? வாடகை உதவிக்குத் தகுதி உள்ள குடும்பங்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குத்தான் மத்திய அரசின் ஏதாவது ஓர் உதவி கிடைக்கிறது. நம் ஊர் ரேஷன் கார்டு மாதிரி, தகுதி இருந்தால் வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. ஒதுக்கிய பணம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். பல ஊர்களில் காத்திருப்போர் பட்டியலையே வருடக்கணக்கில் மூடி வைத்திருப்பார்கள். திறக்கும்போது குலுக்கல். லாஸ் ஏஞ்சலஸில் 2022-இல் பட்டியலைத் திறந்தபோது இருந்தது 30,000 இடம். விண்ணப்பித்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். அந்தக் குலுக்கலில் ஜெயித்தால் வவுச்சர் கிடைக்காது, வரிசையில் ஓர் இடம் கிடைக்கும். அவ்வளவுதான்.

சரி, வரிசை நகர்ந்து வவுச்சரும் வந்துவிட்டது. அப்புறம்தான் வீடு தேட வேண்டும். தொடக்கத்தில் குறைந்தது 60 நாள் தருவார்கள். அதற்கு மேல் நீட்டிப்பது பெரும்பாலும் அலுவலகத்தின் கையில். கெடுவுக்குள் வீடு அமையவில்லை என்றால் அத்தனை வருடக் காத்திருப்பும் வீண். என்னிடம் அந்தப் பெண்மணி வந்தபோது அவருடைய கெடுவில் பாதிக்கு மேல் ஓடிவிட்டிருந்தது.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. இங்கே வீடு வைத்திருக்கும் நண்பனிடம் கேட்டேன். "செக்ஷன் எட்டா? வீட்டை நாசம் பண்ணிடுவாங்கடா, வேண்டவே வேண்டாம்" என்றான். அவன் ஒரு வவுச்சர் குடும்பத்துக்கும் வீடு விட்டதில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. என் ஏஜென்ட் அம்மா வேறு மாதிரி சொன்னார்: இந்த மாநிலத்தில் வவுச்சர் என்பதற்காக மட்டும் மறுத்தால் அது சட்டத்துக்குப் புறம்பு, 2002-இலிருந்தே அப்படித்தான். பழைய வாடகையைச் சரியாகக் கட்டினாரா, முந்தைய வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்றெல்லாம் மற்றவர்களை விசாரிப்பதுபோல விசாரிக்கலாம். விசாரித்தேன், ஒரு குறையும் இல்லை. வேறு ஏதாவது சாக்கு கிடைக்குமா என்று அன்றிரவு யோசித்ததையும் மறைக்க விரும்பவில்லை.

இந்தச் சட்டம் எல்லா மாநிலத்திலும் கிடையாது. டெக்சாஸில் நேர் எதிர்: வவுச்சரை மறுக்கக் கூடாது என்று எந்த நகராட்சியும் பொதுவாக விதி போட முடியாதபடி 2015-இல் மாநிலச் சட்டமே கொண்டுவந்தார்கள். 2018-இல் வந்த ஓர் ஆய்வில், டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் வீட்டுக்காரர்களில் 78 சதவீதம் பேர் வவுச்சரை ஏற்க மறுத்தார்கள். எங்கள் நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் 31 சதவீதம். சட்டம் இருந்தே 31 என்பதையும் கவனியுங்கள்.

வீட்டுக்காரர்கள் தயங்குவதில் ஒரு நியாயமும் இருக்கிறது, அது இன்ஸ்பெக்ஷன். குடி வருவதற்கு முன் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து வீட்டைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பிறகும் அவ்வப்போது வருவார்கள். முதல் தடவை என் வீடு தேறவில்லை. பின்பக்கப் படிக்கட்டில் கைப்பிடி இல்லை, ஒரு ஜன்னல் தூக்கினால் நிற்காமல் விழுந்தது, புகை அலாரத்தில் பேட்டரி இல்லை. மூன்றும் நியாயமான குறைகள்தான், அதில் எனக்கு வாதமில்லை. சரிசெய்து முடிக்க நான்கு நாள் ஆனது. மறுபடி வந்து பார்க்க ஆள் அனுப்ப அவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது. ஒப்புதல் வராத நாட்களுக்கு வாடகை கிடையாது. பேங்க் தவணை மட்டும் எனக்காகக் காத்திருக்கவில்லை. ஒரே வீட்டை வைத்திருப்பவனுக்கு இது வலிக்கும்.

அதற்குப் பிறகு 2020 வந்தது. கொரோனாவில் அவருக்கு வேலை நேரம் பாதியாகக் குறைந்தது. அலுவலகத்தில் தெரிவித்தார், கணக்கை மாற்றிப் போட்டார்கள். மேலே சொன்ன உதாரணத்திலேயே பார்த்தால், வருமானம் 12,000 ஆனால் குடித்தனக்காரர் பங்கு 276-ஆக இறங்கும், அலுவலகத்தின் பங்கு 1,324-ஆக ஏறும். வீட்டுக்காரனுக்கு அதே 1,600. கீழ்வீட்டில் இருந்தவர் வவுச்சர் இல்லாதவர், நல்ல வேலையில் இருந்தவர். அந்த வேலை போனதும் அவரால் ஐந்து மாதம் வாடகை தர முடியவில்லை. நண்பன் எச்சரித்தது எந்த வீட்டைப் பற்றி என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

குழந்தைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1994 முதல் 1998 வரை ஐந்து பெருநகரங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். வறுமை குறைந்த பகுதிகளில் மட்டும் செல்லும் வவுச்சரைக் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். ராஜ் செட்டி (தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்) உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் பின்னாளில் அந்தக் குழந்தைகளின் வருமானத்தைத் தேடிப் பார்த்தார்கள். 13 வயதுக்குள் அப்படி இடம் மாறியவர்கள் இருபதுகளின் நடுவில், வவுச்சர் கிடைக்காத குழுவைவிட 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அதைவிட மூத்த பிள்ளைகளுக்கு அந்த லாபம் இல்லை.

நம் ஆட்களுக்குக் கிடைக்குமா என்றால், எச்1பி விசாவில் இருப்பவருக்குக் கிடைக்காது. குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், அகதிகளாக ஏற்கப்பட்டவர்கள் விண்ணப்பிக்கலாம். வீட்டில் சிலருக்கு மட்டும் தகுதி இருந்தால் அந்த விகிதத்துக்கு உதவி வரும். வருமானம் அந்தப் பகுதியின் நடுத்தர வருமானத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். நடைமுறையில் அதற்கும் கீழே உள்ளவர்களுக்குத்தான், ஏனென்றால் புதிதாகச் சேர்ப்பவர்களில் 75 சதவீதம் பேர் மிக மிகக் குறைந்த வருமானக்காரர்களாக இருக்க வேண்டும் என்பது விதி.

அந்தப் பெண்மணி 2023-இல் தங்கை இருக்கும் மாநிலத்துக்கே போய்விட்டார். வவுச்சரும் கூடவே போனது, அந்த வசதி இதில் உண்டு. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அட்வான்ஸை வட்டியோடு முழுதாகத் திருப்பிக் கொடுத்தேன். கெட்டுப்போயிருந்தது ஒன்றே ஒன்று: இன்ஸ்பெக்ஷனுக்காக நான் அவசர அவசரமாக ரிப்பேர் செய்த அந்த ஜன்னல்.