பரணில் இருக்கும் பழைய ஹெச்ஓ ரயில் செட்டை வைத்து மீண்டும் எப்படித் தொடங்குவது?

திருப்பூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டு உறவினர் கொடுத்த, ஹெச்ஓ எனப்படும் அளவிலான மாதிரி ரயில் செட் பல ஆண்டுகளாகப் பரணில் இருக்கிறது. அதை விற்றுவிட்டு டிஜிட்டல் செட் வாங்குவதா, கோவை–ஈரோடு பாதையை ஓர் அறைக்குள் அமைக்க முடியுமா என்பவை உங்கள் கேள்விகள். நெடுங்கால இடைவெளிக்குப் பிறகு பொள்ளாச்சியில் இதே பொழுதுபோக்கிற்குத் திரும்பியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்போதைக்கு எதையும் விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். இருக்கும் இஞ்சின் ஒன்றை ஒரு முழ நீளத் தண்டவாளத்தில் சீராக ஓட வையுங்கள். அந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதைப் பொறுத்தே மற்றவற்றை முடிவு செய்ய முடியும்.

முதலில் மின்சாரம் கொடுக்கும் பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த செட்டாக இருந்தால் அது 120 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகினால் அப்போதே கருகிவிடும். சோதனைக்கு அந்தப் பெட்டியே தேவையில்லை. சாதாரண 9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளைத் தண்டவாளத்தில் தொட்டாலே இஞ்சினின் நிலை தெரிந்துவிடும். மோட்டார் உறுமியும் சக்கரம் சுழலாவிட்டால், பல்சக்கரங்களில் இட்ட கிரீஸ் பிசின்போல் இறுகியிருக்கக் கூடும். மேல்கூட்டைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த தூரிகையால் பழைய கிரீஸை முழுவதும் எடுக்க வேண்டும். வண்ணம் பூசிய மேல்கூட்டில் அந்தத் திரவம் படக்கூடாது. பிறகு பிளாஸ்டிக்கைப் பாதிக்காத மெல்லிய எண்ணெயை ஊசி முனையால் ஒரு துளி மட்டும் இடுங்கள். வீட்டில் கிடைக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை இட எங்கள் ஊரில் எப்போதும் ஒருவர் யோசனை சொல்வார். மார்கழிக் காலையில் அது உறைந்து நிற்பதை அவரும் பார்த்திருப்பார். ஓடும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக் டக்’ என்று ஒலி கேட்டால், அச்சில் உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கக் கூடும். அதை மாற்றுவது பெரிய செலவன்று.

தண்டவாளம் பித்தளை நிறத்தில் இருந்தால் அதன் மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும். உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், விழும் கீறல்களில் அழுக்கு முன்பைவிட வேகமாகச் சேரும். அழிப்பானும் ஆல்கஹாலும் போதும். இனி வாங்குவதெல்லாம் நிக்கல் சில்வர் என்ற உலோகக் கலவையால் ஆன தண்டவாளமாக இருக்கட்டும். உங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு தொல்லையும் உண்டு. பனியன் கம்பெனிகள் நிறைந்த தெருவில் காற்றிலேயே பஞ்சுத் தூசி மிதக்கும். அது அச்சுகளில் நூலாகச் சுற்றிக்கொள்ளும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று மண்ணையும் சேர்த்துக் கொண்டுவரும். ஆகவே மூடி வைக்கும் கண்ணாடிப் பெட்டியையோ துணியுறையையோ அமைப்போடு சேர்த்தே திட்டமிடுங்கள்.

டிஜிட்டல் முறை, அதாவது டிசிசி, 1990களில் பொதுத் தரமாக வகுக்கப்பட்டது. தண்டவாளத்தில் மின்சாரம் எப்போதும் முழுமையாக இருக்கும். ஒவ்வொரு இஞ்சினுக்குள்ளும் உள்ள டீகோடர் என்ற சிறு மின்னணுப் பலகை தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் ஏற்கும். எனவே ஒரே பாதையில் இரண்டு இஞ்சின்களைத் தனித்தனியே இயக்கலாம். ஒரே இஞ்சின் ஓடும் சிறு அமைப்புக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து. மேலும், பழைய இஞ்சின்கள் பலவற்றில் மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் பிரஷ்களில் ஒன்று உலோக அடிச்சட்டத்தைத் தொட்டபடி இருக்கும். அதைப் பிரித்துக் காப்பிடாமல் டீகோடரை இணைத்தால், முதல் ஓட்டத்திலேயே டீகோடர் எரிந்துபோகும்.

இனி இடம். ஹெச்ஓ என்பது உண்மை ரயிலின் அளவில் 87இல் ஒரு பங்கு. கோவையிலிருந்து ஈரோடு சுமார் 100 கிலோமீட்டர் என்று கொண்டால், மாதிரியில் அது ஒரு கிலோமீட்டருக்கும் மேல் வரும். பழைய ஐசிஎஃப் பெட்டி ஒன்று 25 சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதல் என்பதால், 20 பெட்டிகள் கொண்ட வண்டி மட்டுமே 5 மீட்டரைத் தாண்டிவிடும். தொடக்க செட்டுகளில் வரும் 18 அங்குல ஆரம் கொண்ட வளைவில் அந்த நீளப் பெட்டிகள் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு திரும்புவதைக் காணச் சகிக்காது. ஆகவே முழுப் பாதையை விட்டுவிட்டு, ஒரு கூட்ஸ் ஷெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் வகுத்த ‘இங்கிள்நுக்’ அமைப்பு இதற்கென்றே பிறந்தது: மூன்று சைடிங்குகள் (வேகன்களை நிறுத்தும் கிளைத் தடங்கள்), இரண்டு பாயிண்டுகள் (தடம் மாற்றும் இணைப்புகள்), எட்டு வேகன்கள். ஒரு சைடிங்கில் ஐந்து வேகன்களுக்கும் மற்ற இரண்டில் மும்மூன்று வேகன்களுக்கும் இடம் இருக்கும். சீட்டுக் குலுக்கி, ஐந்து வேகன்களைக் குறிப்பிட்ட வரிசையில் கோக்க வேண்டும். அத்தகைய வரிசைகள் 6,720 இருப்பதால் எளிதில் சலிக்காது. குட்டையான நான்கு சக்கர வேகன்களென்றால் ஒன்றரை மீட்டர் பலகையிலேயே இது அடங்கும். பஞ்சுப் பேல்கள் இறங்கும் கற்பனை மில் சைடிங்காக அதை மாற்றினால் உங்களுக்குப் பழக்கமான காட்சியாகத்தான் இருக்கும்.

தூய்மைவாதிகள் ஒரு குறை சொல்வார்கள். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர்; ஹெச்ஓ அளவில் அது சுமார் 19.3 மில்லிமீட்டர் ஆக வேண்டும். ஹெச்ஓ தண்டவாளத்தின் 16.5 மில்லிமீட்டர் அதற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் குறைவு. பக்கவாட்டிலிருந்து பார்க்கும் அலமாரி அமைப்பில் அது கண்ணை உறுத்தாது; தனியாகத் தண்டவாளம் செய்ய முனைந்தால் ரயில் ஓட்டும் நாள் தள்ளிக்கொண்டே போகும்.

நிலக்காட்சிக்கு வெளிநாட்டுப் பொட்டலங்களைத் தேட வேண்டாம். எங்கள் பக்கத்துத் தென்னைநார்க் கழிவைச் சலித்துச் சாயமிட்டால் தரையும் புதரும் ஆகிவிடும். உண்மையான ஜல்லி ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் என்பதால், அரை மில்லிமீட்டரை ஒட்டிச் சலித்த எம்-சாண்ட் அளவில் சரியாக இருக்கும். செம்மண்ணையோ எம்-சாண்டையோ பயன்படுத்துமுன் காந்தத்தால் நன்றாகத் துழாவி எடுங்கள். அவற்றில் இருக்கும் இரும்புத் துகள்களை மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொண்டால், சுத்தம் செய்த இஞ்சினை மறுபடியும் பிரிக்க வேண்டியிருக்கும்.