வேனைத் தூக்கும் முன் எடை மேடைக்குப் போங்கள்

கேள்வி: என்னிடம் 2006 மாடல் ஃபோர்டு ஈ-350 வேன் இருக்கிறது. பின்சக்கர இயக்கம், ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன்-பினியன் பல்சக்கர விகிதம் 3.73. உள்ளே படுக்கை, அலமாரி, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் நானே போட்டுவிட்டேன். இப்போது ஃபோர் வீல் டிரைவாக மாற்றி, 6 அங்குலம் தூக்கி, 35 அங்குல டயர் மாட்ட ஆசை. சரிப்பட்டு வருமா? முன் ஆக்சிலையும் கியர் விகிதத்தையும் எதை வைத்து முடிவு செய்வது? ஓட்டும்போது என்ன வித்தியாசம் தெரியும்? ஸ்டெப்னியைப் பின்கதவில் மாட்டலாமா?

பதில்: சரிப்பட்டு வரும். உங்கள் வேனுக்குத் தனிச் சேஸிஸ் இருக்கிறது, கூண்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. இந்த வேலைக்கு அதைவிடத் தோதான அடித்தளம் கிடைப்பது கஷ்டம். ஃபோர்டு நிறுவனம் ஈ-சீரிஸை ஃபோர் வீல் டிரைவாகத் தானே தயாரித்து விற்றதில்லை. அதனால் அமெரிக்காவில் குவிக்லி, ஸ்போர்ட்ஸ்மொபைல் மாதிரியான பட்டறைகள் இதையே தொழிலாகச் செய்து வந்திருக்கின்றன. வழிமுறை எல்லாம் அடிபட்டுத் தேறிய ஒன்று. மெர்சிடிஸ் ஸ்பிரின்டர், ஃபோர்டு டிரான்சிட் வேன்கள் வைத்திருப்பவர்களின் நிலைமை வேறு. அவற்றில் சேஸிஸும் கூண்டும் ஒரே உடல். முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன். சுமார் 2 அங்குலத்துக்கு மேல் தூக்கினால் ஃபோர் வீல் மாடல்களில் முன் சக்கரத்துக்கு விசை கடத்தும் சி.வி. ஜாயிண்ட்டுகள் தாங்காத கோணத்துக்குப் போய்விடும். அந்த வண்டிகள் பிடித்தவர்கள், கம்பெனியே நான்கு சக்கர இயக்கத்தோடு தந்த மாடலை வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். உங்கள் கணக்கு 6 அங்குலத்தில் ஆரம்பிக்கிறது. உயரத்தைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். முதலில் எடை. எடைக்கும் போகிற பாதைக்கும் ஏற்ற டயர். அந்த டயர் எங்கும் உரசாமல் திரும்பவும் ஏறி இறங்கவும் எவ்வளவு இடம் வேண்டுமோ, அவ்வளவுதான் லிஃப்ட்.

காரணம் எளிது. இரு சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைக்கும் முழு ஆக்சில் போட்ட வண்டியில் தரைக்கு மிக நெருக்கமாக இருப்பது, ஆக்சிலின் நடுவே பல்சக்கரங்கள் இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டை. ஸ்பிரிங்கை எத்தனை அங்குலம் உயர்த்தினாலும் அது ஓர் அணுகூட மேலே வராது. அதை உயர்த்துவது டயர் மட்டும்தான், அதிலும் விட்டத்தில் கூடுவதில் பாதிதான். உங்கள் வேனில் வந்த 245/75 ஆர் 16 டயரின் விட்டம் 30.5 அங்குலம். 33 மாட்டினால் டிஃபரன்ஷியலுக்குக் கீழே ஒன்றே கால் அங்குலம் கூடும். 35 மாட்டினால் இரண்டே கால். ஆக 33-க்கும் 35-க்கும் நடுவே நீங்கள் சம்பாதிப்பது ஓர் அங்குலம். அந்த ஓர் அங்குலத்துக்குக் கொடுக்கும் விலை என்ன என்று பார்த்தபிறகும் 35 வேண்டும் என்றால் தாராளமாக மாட்டுங்கள்.

சரி, எடைக்கு வருவோம். டேங்க், தண்ணீர்த் தொட்டி இரண்டையும் நிரப்பி, பயணத்துக்குப் போகிற மாதிரியே சாமான், ஆட்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு எடை மேடைக்குப் போங்கள். முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, முழு வண்டிக்கு ஒரு சீட்டு. ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் வில்லையில் மொத்த எடையும் ஒவ்வொரு ஆக்சிலும் தாங்கும் எடையும் போட்டிருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். வீட்டு வேனாக மாற்றியவர்கள் பலருக்கு இங்கேதான் அதிர்ச்சி. பலகையும் பேட்டரியும் தண்ணீரும் சேர்ந்து வரம்பைத் தொட்டிருக்கும். இனிமேல்தான் முன் ஆக்சில், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் விசையை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), அதிலிருந்து முன் ஆக்சிலுக்குப் போகும் இரண்டாவது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், கனமான டயர்கள் எல்லாம் வந்து சேரப்போகின்றன. லிஃப்ட் போடுவதால் வண்டியின் சுமைத்திறன் ஒரு கிலோகூடக் கூடாது. தடித்த ஸ்பிரிங் போட்டால் பின்பக்கம் தொங்காமல் நிற்கும், அவ்வளவுதான். பிரேக்கும் பேரிங்கும் பழைய கணக்கில்தான் இருக்கும்.

தொட்டி எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. பின் ஆக்சிலுக்குப் பின்னால் அது உட்கார்ந்திருந்தால் முன் சக்கரத்தின் சுமையை நெம்பித் தூக்கும். ஈரமான மலைப்பாதையில் முன் சக்கரத்துக்குப் பிடிமானம் தேவைப்படும் நேரத்தில் அது லேசாகிப் போயிருக்கும். இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே, தரையை ஒட்டி வைக்க முடிந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். எடைச் சீட்டுகளை ஸ்பிரிங் தருபவரிடம் அப்படியே கொடுங்கள். சும்மா 'வீட்டு வேன்' என்று மட்டும் சொன்னால் அவர் ஊகித்துத்தான் தருவார். ஊகம் ஒருபக்கம் பிசகினால் கட்டாந்தரையில் இடுப்பு ஒடியும், மறுபக்கம் பிசகினால் ஒவ்வொரு குழியிலும் ஆக்சில் பம்ப் ஸ்டாப் என்னும் தடுப்பு ரப்பரில் இடிக்கும்.

இனி கியர் விகிதம். இந்த எண் கூடக்கூட இழுவை கூடும். பெரிய டயர் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும். 35-ஐ 30.5-ஆல் வகுத்தால் 1.15. அதாவது ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நீங்கள் போவது 115. உங்கள் 3.73 விகிதம் 3.25 போட்ட மாதிரி மந்தமாகிவிடும். ஏற்றத்தில் கியர் மேலும் கீழுமாகத் தவிக்கும், கியர்பாக்ஸ் எண்ணெய் கொதிக்கும். பழைய இழுவை திரும்ப வேண்டுமென்றால் 3.73-ஐ 1.15-ஆல் பெருக்குங்கள்: 4.29. கடையில் கிடைப்பது 4.30. வண்டியின் எடை கூடியிருப்பதையும் சேர்த்துப் பார்த்தால் 35 டயருக்கு 4.56 போடச் சொல்வேன். 33 டயர் என்றால் 4.10 போதும். எது போட்டாலும் முன் ஆக்சிலிலும் பின் ஆக்சிலிலும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்றிருந்தால் நான்கு சக்கரத்தைப் பூட்டிய நிமிடத்திலிருந்து இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி ஏதோ ஒன்று உடையும். பிரேக்குக்கும் இதே பெருக்கம் பாதகமாக வரும். டயர் பெரிதானால் அதே அழுத்தத்துக்கு நிறுத்தும் விசை சுமார் 13 சதவீதம் குறையும்.

முன் ஆக்சிலுக்கு எளிய வழி, ஃபோர்டு சூப்பர் டியூட்டி லாரியின் டேனா 60 ஆக்சில். 2005-க்கு முந்தைய சூப்பர் டியூட்டியில் முன்னால் லீஃப் ஸ்பிரிங். 2005-லிருந்து காயில் ஸ்பிரிங், ஆக்சிலைச் சேஸிஸோடு இணைக்கும் ரேடியஸ் ஆர்ம். ஓட்டச் சுகம் வேண்டுமென்றால் காயில் அமைப்பையே கேளுங்கள். லீஃப் உறுதியானது, எளிமையானது, ஆனால் தார்ச்சாலையில் நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தால் முதுகு சொல்லும். இங்கே ஒரு சின்னச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. உங்கள் வேன் சக்கரத்தில் எட்டு போல்ட்டும் 165.1 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கும். சூப்பர் டியூட்டியில் அதே எட்டு போல்ட் 170 மில்லிமீட்டர் வட்டத்தில். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், மாட்டினால் மாட்டாது. முன் ஆக்சிலை மட்டும் மாற்றினால் வண்டியில் இரண்டு வகைச் சக்கரம் ஓடும், ஒரு ஸ்டெப்னி போதாது. அதே லாரியின் பின் ஆக்சிலையும் சேர்த்து எடுத்துவிட்டால் போல்ட் வட்டம், அகலம், கியர் விகிதம் மூன்றும் ஒரே மூச்சில் ஒத்துப்போகும்.

பட்டறையில் நீங்கள் கேள்வி கேட்க வேண்டிய இடம் ஸ்டீயரிங் கோணங்கள். வண்டியைத் தூக்கும்போது ரேடியஸ் ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்து, ஆக்சிலையும் சேர்த்து முன்னால் உருட்டிவிடும். காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், குறையும். நெடுஞ்சாலையில் வண்டி நேர்க்கோட்டில் நிற்காமல் அலைபாயும். ஓட்டுநர் மணிக்கணக்கில் ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே இருப்பார். நேர்க் காஸ்டர் 3 முதல் 5 டிகிரிக்குள் திரும்ப வரும்படி ஆர்மையோ அதன் தாங்கியையோ மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் வண்டிக்கு முன்னால் குனிந்து இரண்டு தண்டுகளைப் பாருங்கள்: ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் டிராக் பார், ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க். இரண்டும் ஒரே சாய்வில், ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். ஒன்று படுத்தும் ஒன்று நிமிர்ந்தும் இருந்தால் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்டீயரிங் தானாக இழுக்கும். குறிப்பிட்ட வேகத்தில் முன்பக்கமே பேய் பிடித்த மாதிரி ஆடினால், டிராக் பார் புஷ், பால் ஜாயிண்ட், டயர் பேலன்ஸ் இவற்றைச் சோதியுங்கள். ஸ்டீயரிங் டேம்பர் இன்னொன்று மாட்டி ஆட்டத்தை அமுக்கித் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளமும், அது ஆக்சிலில் சேரும் பினியன் கோணமும் மறுபடி அளக்கப்பட வேண்டும். 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் தரை அதிர்ந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். ஒயர் இரண்டும் சக்கரம் முழுக்கத் தொங்கும்போதும் தளர்வாக இருக்க வேண்டும். ஆக்சிலின் மூச்சுக்குழாயை மேலே கொண்டுபோங்கள். இல்லையென்றால் சூடான ஆக்சில் ஓடையில் இறங்கியதும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். முன்னால் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்துவது கூடவே கூடாது. முகப்பு விளக்கை மறுபடி தாழ்த்தி வையுங்கள். பம்பர் உயரத்துக்கு உங்கள் மாநிலத்தில் என்ன வரம்பு என்று வேலைக்கு முன்னாலேயே பாருங்கள், இன்ஷூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.

ஓட்டுவதில் முதலில் பழக வேண்டியது உயரத்துக்குத்தான். வண்டி கவிழாமல் நிற்கும் திறனுக்கு எளிய ஒரு சூத்திரம் உண்டு: சக்கர அகலத்தை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். கணக்குக்காக அகலம் 1.7 மீட்டர், மையம் 95 சென்டிமீட்டர் என்று வைத்தால் 0.89. மையம் 15 சென்டிமீட்டர் ஏறினால் 0.77. கூரையில் கூடாரம், சோலார் பலகை, டப்பாக்கள் ஏற்றினால் இன்னும் இறங்கும். அதனால் கூரையை முடிந்தவரை காலியாக வையுங்கள். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் போய் பிரேக்கைத் தேடாதீர்கள். பக்கச் சரிவில் மாட்டிக்கொண்டால் ஸ்டீயரிங்கை மேட்டுப்பக்கம் திருப்பத் தோன்றும். வண்டி சரிய ஆரம்பித்தால் பள்ளத்துப் பக்கம்தான் திருப்ப வேண்டும். ஏறுவதும் இறங்குவதும் நேராக இருக்கட்டும்.

அடுத்தது டிரான்ஸ்ஃபர் கேஸ். உங்களுக்கு வருவது தேவைப்படும்போது மட்டும் பூட்டும் வகை. பூட்டினால் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆனால் திரும்பும்போது முன் சக்கரம் பெரிய வட்டம் போடுகிறது, பின் சக்கரம் சின்ன வட்டம் போடுகிறது. மண்ணில், பனியில் டயர் சற்றே வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாமல் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். ஸ்டீயரிங் கனக்கும், நான்கு சக்கரப் பூட்டை விடுவிக்க முயன்றால் வராது. அப்போது கொஞ்ச தூரம் நேராகப் பின்னால் எடுத்துப் பாருங்கள், முறுக்கு தளர்ந்து வந்துவிடும். சக்கரம் வழுக்கி வீணாகச் சுழலத் தொடங்கியபிறகு பூட்டாதீர்கள். சேறு தெரிந்ததும், இறங்கும் முன்னாலேயே பூட்டுங்கள்.

டிரான்ஸ்ஃபர் கேஸின் மெதுவான கியரான லோ ரேஞ்சை ஏறுவதற்கென்று நினைக்கிறோம், இந்த எடைக்கு அது இறங்குவதற்கும்தான். உங்கள் வேனில் ஐந்து கியர் டார்க்ஷிஃப்ட் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருந்தால் முதல் கியர் 3.11. லோ ரேஞ்ச் 2.72, ஆக்சில் 4.10 என்றால் மொத்தம் ஏறக்குறைய 35. செங்குத்தான இறக்கத்தில் முதல் கியரில் விட்டுவிட்டால் பெரும்பாலான வேலையை இன்ஜினே பார்க்கும், பிரேக் சூடேறாது. லாக்கர் (ஓர் ஆக்சிலின் இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டும் கருவி) ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பின்னால் போடுங்கள். லாக்கர் இல்லாத நான்கு சக்கர இயக்கத்தில், குறுக்குப் பள்ளத்தில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் அந்தரத்தில் தொங்கினால் அந்த இரண்டும் சும்மா சுற்ற, வண்டி அங்கேயே நிற்கும். மண்ணில் டயர் காற்றைக் குறைப்பது எந்த லாக்கரையும்விட மலிவான உதவி. ஆனால் இந்த எடைக்கு 20 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறங்கத் தயங்குங்கள், திரும்ப நிரப்ப கம்ப்ரசர் இல்லாமல் இறக்கவே இறக்காதீர்கள். சிக்கிய வண்டியை இழுக்கும்போது கயிற்றைச் சேஸிஸில் போல்ட் போட்ட கொக்கியில் மாட்டுங்கள். டிரெய்லர் பந்தில் மாட்டி இழுத்தால் அது அறுந்து குண்டு மாதிரி பறக்கும், உயிர்போன சம்பவங்கள் உண்டு.

எல்லாம் சேர்த்து, உங்கள் வண்டிக்கு என் தேர்வு 33 டயர், 4 அங்குலம், 4.10 விகிதம், பின் லாக்கர். எடைச் சீட்டில் நல்ல இடைவெளி இருந்து, பாறைப்பாதைகளுக்கு அடிக்கடி போகிறவர் என்றால் 35-க்கும் 6-க்கும் போகலாம், அப்போது 4.56 மறக்காதீர்கள்.

ஸ்டெப்னியைப் பற்றி: கதவுத் தகட்டில் நேரடியாக வேண்டாம். இந்த அளவு டயர் ரிம்மோடு 40 கிலோ அளவுக்கு வரும். கரடுமுரடான பாதையில் அது குலுங்கிக் குலுங்கிக் கீல் ஓரத்தில் தகடு விரியும், கதவு தொங்கும், மழைநீர் இறங்கும். சேஸிஸோடு இணைந்த பின் பம்பரில், தனித் தூணில் திரும்பும் கை ஒன்றை வைத்து அதில் மாட்டுங்கள். அந்தக் கையின் பூட்டு ஓட்டத்தில் கலகலக்கிறதா என்று ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள்.