எஃப்டி8 சிக்னல் சுத்தமாக இருக்க: பெங்களூரு ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (அல்சூர்): அண்ணா, கணினி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் எஃப்டி8 முறையில் எட்டு டோன்கள் (வெவ்வேறு அதிர்வெண் ஒலிகள்) மாறி மாறி வருகின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நேராகத் தாவினால் என்ன?

பதில்: உங்களுக்கு ஒன்றும் ஆகாது தம்பி, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கஷ்டம். டோன்களுக்கு நடுவே 6.25 ஹெர்ட்ஸ்தான் இடைவெளி. 0.16 விநாடிக்கு ஒரு டோன். அலை அறுபடாமல் தொடர்ந்தாலும், அதிர்வெண் சட்டென்று மாறினால் ஆற்றல் இரண்டு பக்கமும் சிதறும். நாலு தெரு தள்ளி இருப்பவர் பலவீனமான டிஎக்ஸ் (தொலைதூர) நிலையத்தைப் பிடிக்கப் பார்க்கும்போது, உங்கள் சிதறல் அதை மூழ்கடித்துவிடும். ஆகவே மாற்றத்தை காஸியன் (மணி வடிவ) வளைவை வைத்து மெதுவாக வழுக்கி விடுகிறார்கள், அதுதான் ஜிஎஃப்எஸ்கே. 2019-இல் வந்த டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளின் 2.1 பதிப்பிலிருந்து எஃப்டி8 இப்படித்தான் போகிறது. வழுக்கல் எவ்வளவு மென்மை என்பதைச் சொல்லும் பிடி மதிப்பு இதற்கு 2, இதன் வேகமான தம்பி எஃப்டி4-க்கு 1. அது குறையக் குறைய பக்கச் சிதறல் அடங்கும், ஆனால் அடுத்தடுத்த டோன்கள் கொஞ்சம் கலக்கும். பழைய பதிப்பு வைத்திருந்தவர்களும் புதிய சிக்னலைத் தடையில்லாமல் படித்தார்கள். அழகான வேலை!

கேள்வி (ஒயிட்ஃபீல்டு): தட்டச்சில் உரையாடும் பிஎஸ்கே31 முறையிலும் இதேதானா?

பதில்: இல்லை. அங்கே ஃபேஸ் (அலையின் கட்டம்) திரும்பும் நேரத்தில் வீச்சையே கொசைன் வடிவில் பூஜ்யத்துக்கு இறக்கி ஏற்றுகிறோம். ஆகவே வீச்சின் வடிவத்தைக் கெடுக்காத லீனியர் ஆம்ப்ளிஃபையர் கட்டாயம்.

கேள்வி (ஜெயநகர்): எஃப்டி8-இல் வீச்சு மாறாதே சார், அப்போ ஆடியோவை முழுசாக ஏற்றலாமா? பவர் மீட்டரும் ஏறுகிறது.

பதில்: தயவுசெய்து வேண்டாம். எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) ரேடியோ வழியாக 600 ஹெர்ட்ஸில் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடியோ அளவு மீறினால் 1200-லும் 1800-லும் உங்கள் சிக்னலே மறுபடி முளைக்கும். இரண்டும் ஃபில்டருக்குள்ளேயே இருப்பதால் அப்படியே ஆண்டெனாவுக்குப் போய்விடும். 14.074 மெகாஹெர்ட்ஸில் வாட்டர்ஃபாலை (சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் திரையை) பாருங்கள், ஒரே நிலையம் இரண்டு மூன்று இடத்தில் கோடு போட்டுக்கொண்டிருக்கும். காஸியன் செய்த நல்லதெல்லாம் வீண். ஏஎல்சி (அளவு மீறினால் ரேடியோ தானே அடக்கும் ஏற்பாடு) மீட்டர் அசையாத அளவுக்கு ஆடியோவை இறக்குங்கள். அப்புறம் கணினி ரேடியோவைக் கட்டுப்படுத்தும் கேட் கேபிள் இருந்தால், மென்பொருள் செட்டிங்கில் ஸ்ப்ளிட்டை 'ஃபேக் இட்' என்று வையுங்கள். மென்பொருளே ரேடியோவை நகர்த்தி, டோனை 1500-க்கும் 2000-க்கும் நடுவில் வைத்துக்கொள்ளும். இரண்டாம் மடங்கு 3000-ஐத் தாண்டி ஃபில்டரில் நின்றுவிடும்.

கேள்வி (மல்லேஸ்வரம்): எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிய யூஎஸ்பி சவுண்ட் கார்டு போதுமா?

பதில்: தாராளமாக. ஆனால் ஆடியோ லைனில் கணினியையும் ரேடியோவையும் மின்சார ரீதியாகப் பிரிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். இல்லையென்றால் கரண்டின் ஹம் (உறுமல்) ஏறி, உங்கள் சிக்னலுக்கு இரு பக்கமும் 50 ஹெர்ட்ஸ் தள்ளிக் கோடு விழலாம். விண்டோஸ் மணிச்சத்தம் அந்தக் கார்டு வழியாகப் போகாமலும் நிறுத்திவிடுங்கள்.