புள்ளியும் பெரும்புள்ளியும்

கேள்வி: காரைக்குடியில் அரசியல் அறிவியல் படிக்கிறேன். மக்களாட்சியில் அதிகாரம் ஓரிடத்தில் குவியாமல் பல குழுக்களிடையே பரவிக் கிடக்கிறது என்பது எங்கள் பேராசிரியர் நடத்தும் பாடம். "எந்தக் கட்சி வந்தாலும் நாலு பெரும்புள்ளிகள் வைத்ததுதான் சட்டம்" என்பது வீட்டில் எங்கள் ஐயா நடத்தும் பாடம். எது சரி?
— தேவகோட்டைக்கு அருகிலுள்ள ஊராட்சியிலிருந்து ஒரு வாசகி

பதில்: இரண்டும் பாதி சரி என்று எழுதினால் உங்களுக்குத் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும், உங்கள் ஊர் புரியாது.

நகரத்தார் கோயில் கணக்கில் மணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. பணக்காரர் என்பதற்காக இரண்டு புள்ளி கிடையாது. ஆனாலும் 'பெரும்புள்ளி' என்ற சொல் நம் வாயை விட்டு ஒழியவில்லை. வாக்குச்சீட்டின் கதையும் அதுதான். எல்லோருக்கும் ஒன்றே என்பதில் ஐயமில்லை; அந்த ஒன்றுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள்.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரை ஆராய்ந்த சமூகவியலாளர் ஃபிளாய்ட் ஹன்டர், ஊர் விவகாரம் அறிந்தவர்களிடம் 'இங்கே செல்வாக்குள்ளவர் யார்' என்று விசாரித்து, பெரும்பாலும் வணிகத் தலைவர்களே நிறைந்த ஒரு சிறு வட்டத்தை 1953இல் அடையாளம் காட்டினார். அரசியல் அறிஞர் ராபர்ட் டால் அந்த முறையை ஏற்கவில்லை. நியூ ஹேவன் நகரில் நகரச் சீரமைப்பு, பள்ளிக் கல்வி, வேட்பாளர் தேர்வு ஆகிய மூன்றிலும் உண்மையில் முடிவெடுத்தவர் யார் என்று பின்தொடர்ந்து பார்த்து, ஒன்றில் ஓங்கிய கை மற்றொன்றில் ஓங்கவில்லை என்று 1961இல் எழுதினார். திண்ணையில் கேட்டவருக்குத் திண்ணையின் விடை கிடைத்தது. கூட்ட அறையில் உட்கார்ந்தவருக்குக் கூட்ட அறையின் விடை கிடைத்தது. உங்கள் ஐயாவும் பேராசிரியரும் இந்தச் சண்டையைத்தான் போடுகிறார்கள். (பின்னாளில் டாலே, செல்வம் குவிவது அரசியல் சமத்துவத்தைக் குலைக்கிறது என்று ஒப்புக்கொண்டு எழுதினார் என்பதைப் பேராசிரியர் சொன்னாரா என்று கேட்டுப் பாருங்கள்.)

ஹன்டர், டால் இருவருமே கேட்கத் தவறிய கேள்வி ஒன்று உண்டு: முடிவெடுக்க வேண்டிய விஷயமாகவே வராமல் போனது எது? பீட்டர் பாக்ராக், மார்டன் பாரட்ஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1962இல் இதை எழுப்பினார்கள். எடுத்துக்காட்டாக, எஃகு ஆலையின் புகையைக் கட்டுப்படுத்த அமெரிக்காவின் கிழக்கு சிகாகோ என்ற நகரம் 1949இலேயே விதி செய்தபோது, பக்கத்திலிருந்த கேரி நகரம் 1962 வரை காலம் கடத்தியது. கேரியை உருவாக்கியதே ஒரு பெரிய எஃகு நிறுவனம். அது வெளிப்படையாக எதிர்த்துப் பேச வேண்டிய தேவையே பெரிதாக எழவில்லை. வாய் திறக்காதவரின் அதிகாரம் எந்தக் கூட்டக் குறிப்பிலும் பதிவாவதில்லை.

இதற்கு அமெரிக்கா வரை போவானேன்? உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பால் பத்தாண்டுக் காலம், ஒன்று வேட்புமனு வரவில்லை, அல்லது வென்றவர் கையோடு பதவி விலகினார். தீர்மானங்களை மட்டும் எண்ணுகிற ஆய்வாளர் அங்கே போயிருந்தால், மோதலே இல்லாத அமைதியான ஊர் என்று எழுதிவிட்டுத் திரும்பியிருப்பார்.

ஆயினும் ஐயாவின் பக்கம் நான் முழுவதுமாகச் சாய மாட்டேன். 'நாலு பேர்' என்ற விளக்கத்தைப் பொய்யென்று நிரூபிக்க வழியே இல்லை. அந்த நாலு பேர் தோற்றால், அவர்களுக்குப் பின்னால் வேறு நாலு பேர் இருப்பதாகச் சொல்லிவிடலாம். 2006 அக்டோபரில் அதே பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தேர்தல் நடந்து, தலைவர்கள் பதவியில் அமர்ந்தார்கள். சட்டம், நிர்வாகம், இயக்கங்களின் நெருக்குதல், ஊராரின் மனமாற்றம் எனப் பல கைகள் சேர்ந்து நடத்திய காரியம் அது. நாலு பெரும்புள்ளிக் கணக்கில் அதற்கு இடமில்லை. மேலும், எல்லாம் முன்பே முடிவாகிவிட்டது என்று நம்புகிறவர் கிராம சபைக்குப் போக மாட்டார். அவர் காலியாக விடும் நாற்காலி பெரும்புள்ளிக்குத்தான் வசதி.

அக்டோபர் 2 அன்று உங்கள் ஊராட்சியில் கிராம சபை கூடும். தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக் கடந்த சில ஆண்டுகளின் தீர்மானங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கண்மாய் வரத்துக்கால் ஆக்கிரமிப்பு போல, ஊரே முணுமுணுத்தும் அந்தப் புத்தகத்தில் ஒருமுறைகூட ஏறாதவை எவை என்று ஐயாவிடம் கேட்டு மற்றொரு தாளில் எழுதுங்கள். பேராசிரியரிடம் இரண்டாவது தாளை முதலில் காட்டுங்கள்.