ஓவியத்தில் போட்ட பணத்துக்கு வருட லாபம் எப்படிக் கணக்கிடுவது?

நீங்கள் கேட்டது: 2010-ல் 80,000 ரூபாய்க்கு வாங்கிய தஞ்சாவூர் ஓவியத்துக்கு 2025-ல் 2,40,000 விலை சொல்கிறார்கள். 200 சதவீத லாபத்தை 15 வருடத்தால் வகுத்து, வருடத்துக்கு 13 சதவீதம் என்கிறார் உங்கள் அண்ணன். சரியா?

சரியில்லை. அது தனிவட்டிக் கணக்கு. 15 வருடத்தில் மூன்று மடங்கு என்றால் கூட்டுவட்டியில் 7.6 சதவீதம்தான். எக்செலில் 3^(1/15)-1 போட்டுப் பாருங்கள்.

வேலூரில் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன் நான். அந்த 7.6-ஐயும் நம்ப மாட்டேன். லாங் பஜார் பக்கம் பழைய நகையைக் கொண்டுபோனால், கழிவு போட்டாலும் அன்றைய கிராம் விலை ஊருக்கே தெரியும். ஓவியத்துக்கு அப்படி ஒரு விலை கிடையாது. (அதில் ஒட்டியிருக்கும் தங்க ரேக்கை எடை போட்டால் ஒன்றும் தேறாது.) கேலரிக்காரர் சொல்வது வாங்குகிறவர் தரவேண்டிய விலை. அவர் கமிஷன் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு 1,92,000.

வரியும் உண்டு. வீட்டில் மாட்டியிருந்த படம்தானே என்று விட முடியாது. ஓவியம், சிற்பம் எல்லாம் மூலதன ஆதாயத்தில் வரும். 2024 ஜூலை 23-க்குப் பிறகு விற்றால் 12.5 சதவீதம், இன்டெக்சேஷன் (விலைவாசி உயர்வுக்கு ஏற்ப வாங்கின விலையைக் கூட்டிக்காட்டுவது) கிடையாது. 1,12,000 லாபத்துக்கு, வரிமேல் போடும் 4 சதவீத செஸ்ஸோடு 14,560. கையில் நிற்பது 1,77,440. நடுவில் 2018-ல் கல் பதித்த இடத்தைச் சரிசெய்து படத்தின் மரச்சட்டத்தை மாற்ற 15,000 செலவானது என்றால், தேதிவாரியாகப் போட்டு எக்செலில் எக்ஸ்ஐஆர்ஆர் (வெவ்வேறு தேதியில் போட்ட, வந்த பணத்துக்கு வருடக் கூட்டுவட்டி சொல்லும் சூத்திரம்) பார்க்க வேண்டும். வருவது சுமார் 4.6 சதவீதம். அதே காலத்தில் தங்கம் நான்கு மடங்குக்கு மேல் போயிருக்கிறது.

பெரிய ஏலத்திலும் இதே கதைதான். டாவின்சியின் ‘சால்வேட்டர் முண்டி’ 2013-ல் 12.75 கோடி டாலருக்குக் கைமாறி, 2017-ல் 45.03 கோடிக்குப் போனதாகச் செய்தி. சுத்தியல் விழுந்தது 40 கோடியில். மிச்சம் ஏல நிறுவனத்தின் கட்டணம். நாலரை வருடக் கணக்கில் வருடத்துக்கு 32 சதவீதம் என்று போடுகிறவர்கள், விற்றவருக்கு வராத பணத்தையும் சேர்த்துவிடுகிறார்கள். 40 கோடியை வைத்தால் 29-க்குப் பக்கம். அதுவும் விலை போன படம். விலை போகாமல் திரும்பிய படங்கள் எந்தச் சராசரியிலும் ஏறுவதில்லை.

விற்கத் தீர்மானித்தால், கமிஷன், போக்குவரத்து போக எவ்வளவு தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். படம் 100 வருடத்துக்கு மேல் பழையது என்றால் 1972 தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும். வெளிநாட்டுக்கு விற்க முடியாது, அதனால் வாங்குகிறவர்களும் குறைவு.